டாக்டர் கேட்கிறார், நான் தலையாட்டுகிறேன்

இந்த ஊர் டாக்டர்களுக்கு ஒரு விசித்திரமான பழக்கம். நோயாளியிடமே அபிப்பிராயம் கேட்கிறார்கள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் லண்டன் ஆஸ்பத்திரியில் என்னை மெஷினோடு இணைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். டயாலிசிஸ் என்று பெயர். வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே மருந்துநீர்ப் பையைத் தொங்கவிட்டு நாமே செய்துகொள்ளும் முறையும் உண்டு. பெரிய டாக்டருக்கு மெஷின்மேல் நம்பிக்கை, நர்ஸுக்குப் பைமேல். இருவரும் என் கட்டிலருகே நின்று வாதாடிவிட்டு, "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்பார்கள். "வெரி குட், சார்" என்பேன்.

இலங்கைத் தேயிலை மலையில், கந்தப்பளையில் வளர்ந்த வாய் வேறென்ன சொல்லும்? எழுபதுகளில் எங்கள் தோட்டத்து டாக்டரய்யாவிடம் "இன்னும் வலிக்குதுங்க" என்றால், "வேலைக்கள்ளன்!" என்று எரிந்து விழுவார். அவர் நிமிரும் முன்பே "சொகமாயிருச்சுங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டு, முனகிக்கொண்டே மலையேறுவோம். அந்தக் கும்பிடு விமானம் ஏறி என்னோடு லண்டனுக்கும் வந்துவிட்டது.

உண்மையில் எனக்குப் பைதான் வேண்டும். மெஷின் நாளில் வீடு வந்தால் வாந்தி. மறுநாள் மத்தியானம்வரை சுருண்டு கிடப்பேன். அதைவிடப் பெரிய காரணம் ஊரில் இருக்கும் அம்மா. மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு ரயிலேறி நானுஓயா ஸ்டேஷனில் போய் இறங்க முடியுமா? பை என்றால் கொண்டுபோகலாம்.

ஒருநாள் டாக்டர் மகிழ்ச்சியாக, "மெஷின் உங்களுக்கு நன்றாக ஒத்துப்போகிறது. இதையே நிரந்தரமாக்கிவிடலாம்" என்றார். தலையாட்டினேன். பக்கத்திலிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, கேக்குறாங்கல்ல? வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

இன்னும் பலமாகத் தலையாட்டினேன். அவள் டாக்டரிடம் திரும்பி, தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தாள். "ஹீ லை, டாக்டர். ஹோம் கமிங், வாமிட். ஆல் டே ஸ்லீப்."

"ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்றார் டாக்டர். அவர் மனம் நோகக் கூடாதே என்று நினைத்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், "சாரி, சார்" என்றேன்.

பை கிடைத்தது, வாந்தி நின்றது. எனக்குத் துணிச்சலும் வந்துவிட்டது. ஊரில் அம்மா இருக்கும் லயத்துக் காம்பிராவில், அந்தத் தோட்டத்து ஒற்றையறை வீட்டில், பை தொங்கவிட ஓர் ஆணி அடித்து வைக்கும்படி தம்பிக்கு எழுதிப் போட்டேன். அடுத்த தடவை டாக்டர் கேட்கும் முன்பே, "ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும்" என்றேன்.

அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே என்று விசாரித்தார். எல்லாம் அந்த ஒரே அறைதான் என்றதும் அவர் முகம் வாடியது. புகைக்குள் பை மாற்றினால் வயிற்றில் கிருமி ஏறும், அங்கே வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை, போகவே கூடாது என்றார். வாய் திறந்து கேட்டால் கிடைத்துவிடும் என்று நம்பிய என் புத்தியை என்னவென்பது! பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

தம்பி அதற்குள் சுவருக்கு வெள்ளையடித்து ஆணியும் அடித்துவிட்டான். நான் வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும், அம்மா அதில் யாரையும் எதையும் மாட்ட விடுவதில்லையாம்.