எட்டாவது படத்தில் தாணுமாலயன்

தாணுமாலயன் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஸ்டூடியோ இயேசுவடியான். மணிமேடைப் பக்கம் என் கடிகார ரிப்பேர் கடைக்கு எதிர்வரிசையில்தான் அவருடைய ஸ்டூடியோ. ரோட்டைக் கடந்து வந்தவர் உட்காரவில்லை. "நம்ம தாணு போயிட்டாரு வே, காலம்பற ஏழு மணிக்கு" என்றார். டைபாய்டு காய்ச்சல் இறங்கிவிட்டது என்று முந்தாநாள்தான் கேட்டு ஆறுதலாக இருந்தேன். கையிலிருந்த கடிகாரத்தை மூடக்கூடச் செய்யாமல் மேஜைமேல் வைத்துவிட்டு அவரோடு நடந்தேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்குத் தாணு வீட்டுப் பத்திரமோ வயல் ஆதாரமோ எழுதிக் கொடுத்திருப்பார். ரிஜிஸ்தர் கச்சேரி நடையில், சாய்வுப்பெட்டியை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டு, மலையாளத்திலும் தமிழிலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். இந்த ஐப்பசியில் நம் தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம் என்று ஆசையாகக் காத்திருந்தார். உங்களுக்குத் தெரிந்த தாணு அவர். எனக்குத் தெரிந்த தாணு, மணல்மேட்டு உச்சியில் குடையை ஊன்றிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறவர்.

அவர் அங்கே போய் நின்ற கதையைச் சொல்கிறேன். படப்பித்துப் பிடித்த நாங்கள் நாலைந்து பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் போய்ப் பாறையையும் மணலையும் எடுத்துக்கொண்டிருந்தோம். என்னிடம் ஒரு பெட்டிக் கேமரா; ஒரு ஃபிலிம் சுருளுக்கு எட்டுப் படம். நேரில் பனை உயரத்துக்கு நின்ற மணல்மேடு, கழுவி எடுத்தால் வயல் வரப்பு மாதிரித் தெரியும். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் உயரம் தெரியும் என்று இயேசுவடியான் என் கடையில் உட்கார்ந்து சொன்ன அன்று, ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரத்தை வாங்க வந்த தாணுவும் அங்கே இருந்தார். "அதுக்கென்ன, நான் நிக்கேன், நீரு எடும்" என்றார். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நின்றார். தனக்கென்று ஒரு கேமரா வேண்டும் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

ஒருமுறை உச்சிவெயிலில் அவரை மேட்டின்மேல் ஏற்றிவிட்டு, மேகம் வரட்டும் என்று காத்திருந்தேன். மேகம் வரவில்லை. கீழே மற்றவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்க்க, நானும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். பாதிச் சாப்பாட்டில்தான் தாணுவின் நினைப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். இறங்கி வரக்கூடாதா என்று கத்தினேன், என் தப்பை மறைக்க. "நீரு ஆச்சுன்னு சொல்லலியே" என்றார், கோபமே இல்லாமல்.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். முகம் தெரிந்தால் பார்க்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பான், மணலைப் பார்க்க மாட்டான் என்று ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஆகவே தாணு எப்போதும் திரும்பித்தான் நிற்க வேண்டும். அவரும் மறுபேச்சில்லாமல் நின்றார். இப்படி ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமை, அவர் இறந்த ஐந்தாம் நாள் உடைந்தது. துஷ்டி விசாரிக்கப் போயிருந்தபோது அவர் மனைவி பகவதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல்யாணம் பூதப்பாண்டியில் எளிமையாக நடந்ததால் அன்றைக்குப் படம் எடுக்கவில்லையாம்.

"ஸ்டூடியோவுல போயி ஒரு படம் எடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன். நான் எப்பவும் படத்துலதான நிக்கேன், எல்லாம் பொன்னையாகிட்ட கெடக்குன்னு சொல்லிருவாவ. அதான் உங்ககிட்ட கேக்கேன். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு மாலை போட மட்டும் இல்ல அண்ணே. பிள்ளைக்கு நாலு வயசு. இன்னும் ரெண்டு வருசம் கழிஞ்சா அவளுக்கு அப்பா மொகம் ஓர்மையில இருக்காது."

கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? வீட்டுக்கு வந்து, படங்கள் வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைத் தரையில் கவிழ்த்தேன். தாணு எல்லாவற்றிலும் இருந்தார். எறும்பளவில், விரலளவில், குடையோடு, குடையில்லாமல், எல்லாவற்றிலும் முதுகு. ஒரே ஒரு படத்தில் வலது காது தெரிந்தது. ஐந்து வருஷமாக ஒரு மனிதனைப் படம் எடுத்துவிட்டு, அவன் பிள்ளைக்குக் காட்ட ஒரு காதுதான் மிஞ்சியது என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

இரண்டு நாள் அந்தப் படங்களையே திரும்பத் திரும்பப் புரட்டினேன். மூன்றாம் நாள் கடையில் ஒரு ஸ்பிரிங்கைக் குடைந்துகொண்டிருக்கும்போதுதான், போன வருஷம் முட்டத்தில் கெட்டுப்போன எட்டாவது படம் நினைவுக்கு வந்தது.

அன்று எனக்குப் பாறையின் உயரம் வேண்டியிருந்தது. தாணுவைப் பாறையோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டு, பத்தடி தள்ளி, கடலுக்கு முதுகைக் காட்டி, பாசி படிந்த கல்லில் நின்றேன். சுருளில் அது கடைசிப் படம். நான் குனிந்து கேமராக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, அவர் "ஆச்சா?" என்று திரும்பினார். திரும்பியவர் எனக்குப் பின்னால் எழும்பி வந்த அலையைப் பார்த்துவிட்டார். "பொன்னையா!" என்று அவர் கத்தவும் என் விரல் விசையைத் தட்டவும் சரியாக இருந்தது. அலை என்னை முழங்காலில் தள்ளியது. அது இழுத்துக்கொண்டு போவதற்குள் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

மணலில் வந்து விழுந்ததும் நான் முதலில் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. திரும்பக்கூடாது என்று சொன்னேனே, எட்டாவது படம் போச்சே என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் என் சட்டையைப் பிழிந்துகொண்டே, "படம் போனா என்ன வே, ஆளு நிக்கீருல்லா" என்றார். எனக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. சுருளைக் கொடுக்கும்போது, கடைசிப் படத்தை அச்சுப் போட வேண்டாம், தூரப் போடும் என்று இயேசுவடியானிடம் சொல்லியும் வைத்தேன்.

இதெல்லாம் நினைவுக்கு வந்ததும் ரோட்டைக் கடந்து ஓடினேன். "நான் ஃபிலிமத் தூரப் போடுகவனா வே?" என்று கேட்டுக்கொண்டே இயேசுவடியான் மேஜையின் அடித்தட்டை இழுத்தார். கெட்டுப்போன படங்களுக்கென்றே அவரிடம் ஒரு கட்டு இருந்தது. அதை அவரே பிரித்தார். கடைசி உறையில் கிடைத்தது. அவர் இருட்டறைக்குள் போய், தண்ணீர் சொட்டச் சொட்டக் காகிதத்தை வெளியே கொண்டுவந்தார். ஓரத்தில் உப்புத்தண்ணீர் பட்ட கறை. நடுவில் தாணு. நெற்றி, மூக்கு, முன்பல், எல்லாம் தெளிவாக. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அல்ல, அப்படியொரு நிம்மதி. இயேசுவடியானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அடியந்திரத்துக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாய் திறந்து, கண் விரிந்து இருக்கிற படம். மாலை போடுகிற படம் மாதிரி இல்லையே என்று எனக்குக் கூச்சம். பகவதி நெடுநேரம் பார்த்தார். பிள்ளை கிணற்றடிப் பக்கம் போனால் இப்படித்தான் பார்ப்பாவ என்று சொன்னார். சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அந்த வீட்டில் அத்தனை நாளில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

பிள்ளை படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அப்பா ஆர விளிக்காவ?" என்று கேட்டாள்.

"என்னைத்தான் மக்களே" என்றேன்.

படமும் ஃபிலிமும் இப்போது அவர்கள் வீட்டில் இருக்கின்றன. அவை அங்கேதான் இருக்க வேண்டும். மணல்மேடுகள் எல்லாம் என் டின்னில் கிடக்கின்றன. அவற்றில் திரும்பி நிற்கிறவருக்கு என்ன முகம் என்று பிள்ளை வளர்ந்து கேட்டால், இனிமேல் யாரும் விழிக்க வேண்டியதில்லை. எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை தாணுமாலயன் என் பேச்சைத் தட்டித் திரும்பினார். அன்று அவர் கூப்பிட்டது என் பெயரை.