யானை கட்டாத கல்

பழைய கோட்டைச் சுவரில் மிஞ்சிய ஒற்றைக் கல் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் நிற்கிறது. அதன் இடுப்பில் விரலளவுக்குப் பள்ளம். நேற்று வழிகாட்டி ஒருவர் சுற்றுலா வந்தவர்களிடம், "ராஜா காலத்துல யானை கட்டின தடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எந்த ராஜா, என்ன யானை? எழுபதுகளில் அப்பா விடிந்ததும் சேலை நெய்வதற்கான பட்டு இழைகளைப் பாவாகத் தெரு நீளத்துக்கு விரித்து, அதை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை அந்தக் கல்லில்தான் கட்டுவார். பாவுக்குத் தடவும் கஞ்சியால் தெருவே மணக்கும். பால்காரர்கூடப் பாவைத் தாண்டமாட்டார்; சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவார்.

எனக்குப் பத்து வயதில், ஒருநாள் பாவு விரித்திருக்கும்போதே தூறல் விழுந்தது. நனைந்தால் சாயம் இறங்கிவிடும். வீட்டுக்கு வீடு பெண்கள் போர்வையோடு ஓடிவந்து பாவுக்கு மேலே பிடித்தார்கள்.

"கயித்த அவுத்துடும்மா, பாவ சுருட்டிடலாம்!" அந்தக் கோடியிலிருந்து அப்பா கத்தினார்.

"வரலப்பா, இறுகிக்கினு இருக்குது!"

பல்லால் கடித்து இழுத்தேன். முடிச்சு சட்டென்று அவிழ, கயிறு சுண்டி இழுத்ததில் முகம் கல்லில் மோதியது. பாவு தப்பியது.

"யானை இல்லப்பா, எங்கப்பா கட்டின கயிறு" என்றேன் வழிகாட்டியிடம்.

"அதுக்கு ஆதாரம் இருக்குதாம்மா?"

பாதி உடைந்த முன்பல்லைக் காட்டிச் சிரித்தேன்.