தொட்டாலே போதும் என்றார்கள்

மலைக்கிராமமான பூண்டியில் கேரட் அலசும் வேலை எனக்கு. தோட்டத்தில் டவர் கிடைக்காது. பாட்டை ஏற்றிவைத்துக் கேட்கலாம் என்று ஒரு குட்டி பிளேயர் வாங்கினேன். அதற்கு முன் விமர்சன வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். "பட்டனே கிடையாது, தொட்டாலே போதும்" என்று ஒருவர் புகழ்ந்ததை நம்பித்தான் வாங்கினேன்.

ஈரமும் சேறுமான என் விரலை அந்தத் திரை மதிக்கவே இல்லை. பிடிக்காத பாட்டு வந்தாலும் கேட்டே தீரவேண்டும்.

ஒருநாள் சுற்றுலா வந்த ஒருவர் பேசியபோது, வீடியோவில் கேட்ட அதே குரல்! பிளேயரை நீட்டினேன். துடைத்துவிட்டுத் தொட்டார். உடனே பாட்டு மாறியது.

"நல்லாத்தானேக்கா இருக்கு?"

"எங் கை விடிய வெள்ளனே இருந்து தண்ணிக்குள்ளதான் கெடக்கு தம்பி. நீங்களும் நனைச்சுட்டுத் தொடுங்க."

நனைத்துத் தொட்டார். மறுபடி தொட்டார். பாட்டு மாறவில்லை.

"கம்பெனில ரெண்டு நாள்தான்க்கா தருவாங்க. ரூம்ல வச்சுப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துருவோம்" என்றார். அவர் குரலிலும் அலுப்புத்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லையே. அந்த வீடியோவில் அவர் முகம் தெரியாது. பிளேயரைப் பிடித்திருந்த கை மட்டும்தான் தெரியும். நகக்கண்ணில் துளி மண் இல்லாத கை. நான்தான் பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.