வேதமுத்து அண்ணாத்தையின் சிவப்பு பல்ப்

கொரட்டூரில் கங்காதரன் கட்டி வாடகைக்கு விட்ட மூன்று போர்ஷன் வீட்டில், முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு ஆள் நாள் பூரா அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். எதிரே சின்ன சிவப்பு பல்ப் ஒன்று இருக்கும். தெருவில் போகிறவன் சாமி விளக்கு என்று நினைப்பான். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள். அந்த பல்ப் அவர் சம்சாரத்தின் குரல்.

ஆளின் பேர் வேதமுத்து. எழுபத்து நாலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு, தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்ட வந்தவர். நான் அவர் வேலை செய்த ஷெட்டில் ஒயர்மேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், அதனால் எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் காதோரம் இடி மாதிரி பிரஸ் விழுந்ததில் அண்ணாத்தைக்கு ரெண்டு காதும் போச்சு. எண்பத்து நாலில் வலது கையில் ரெண்டு விரலும் போச்சு. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார். நிற்க வேண்டிய பிரஸ் அரை நொடி கழித்து நின்றது. அதற்குள் இன்னொரு தரம் இறங்கிவிட்டது. அப்புறம் வீட்டிலேயே உட்கார்ந்து வாஷருக்குப் பிசிறு ராவுகிற வேலை.

அவர் சம்சாரம் ஞானகுமாரிக்கு மூச்சிழுப்பு வியாதி. இழுப்பு வந்தால் அந்தம்மாவால் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் இவருக்குக் கேட்காது. மூச்சுக்கு அடிக்கிற மருந்தை எடுத்து வாயில் வைக்க ஒரு ஆள் வேண்டும். அதனால் அத்திப்பட்டில் இருந்த பழைய வீட்டில் நான்தான் ஏற்பாடு செய்தேன். கட்டில் காலில் ஒரு பெல் சுவிட்ச், அங்கிருந்து சுவரில் ஆணியடித்த ரீப்பர் கட்டை மேல் ஒயர், இவர் மூக்குக்கு நேரே சிவப்பு பல்ப். தட்டினால் எரியும், விட்டால் அணையும். ஏழு வருஷம் ஒரு தடவை கூட அது பொய் சொன்னதில்லை. அந்தம்மா அதிலேயே பேசக் கற்றுக்கொண்டது. ரெண்டு தட்டு தட்டினால் சோறு ரெடி. படபடவென்று தட்டினால் வாயை மூடு என்று அர்த்தம். காது கேட்காத மனுஷன் ஞானப்பாட்டைத் தெருவே அதிரப் பாடுவார்.

அந்த வீட்டில் சுவர் பூரா ஈரம். இடத்தை மாற்றவில்லை என்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொண்ணூற்று அஞ்சில் கங்காதரன் வீடு கிடைத்தது. காய்ந்த சுவர், படி ஏற வேண்டாம். ஆனால் கங்காதரன் பரம்பரை நிலத்தில் ஆசையாகக் கட்டின வீடு அது. சுவரில் ஒரு ஆணி இறங்கினாலும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று கண்டிஷன் போட்டார். காலண்டரைக் கூட ஜன்னல் கம்பியில்தான் மாட்டினார்கள். ஒயரைத் தரையில் விடலாம் என்றால், தூசு ஆகாது என்று ரெண்டு வேளையும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற தரை. கரண்ட் ஒயரை அதில் எப்படி விடுவது?

எஸ்டேட்டில் எலக்ட்ரானிக் போர்டு செய்கிற கிறிஸ்துராஜ் என்கிற இன்ஜினியரிடமிருந்து நான் ஒரு ஒயர்லெஸ் செட் வாங்கி வந்தேன். கையில் அடங்குகிற டப்பாவில் ஒரு பட்டன். பல்ப் பக்கம் இன்னொரு டப்பா. நடுவில் ஒன்றும் கிடையாது. அண்ணாத்தை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. ஒயர் பல்பையும் ஒயர்லெஸ் பல்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ரெண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் நான் அழுத்தினேன். ஒயர் பல்ப் விரல் பட்டதும் எரிந்தது. மற்றது ஒரு கண் சிமிட்டு கழித்து எரிந்தது. மறுபடி அழுத்தச் சொன்னார். இருபது தரம் அழுத்தினேன், இருபது தரமும் அந்த இடைவெளி.

"அர செகண்டுதான் அண்ணாத்தே. அதுல இன்னா ஆயிடப் போவுது?" என்று அவருக்குத் தெரிகிற மாதிரி வாயை அசைத்தேன்.

அவர் விரல் இல்லாத கையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "இதுவும் அர செகண்டுதான்பா."

ஞானகுமாரிதான் அந்த வீடு வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றது. அவர் தலையாட்டினார். அன்றையிலிருந்து அவர் கண் அந்த பல்பை விட்டு நகரவில்லை. சோற்றைக் கூட தட்டைப் பார்க்காமல்தான் தின்றார்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம். வெளியே தூறல். ஒரு சாக்கு வாஷரைத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்தம்மா படுத்திருப்பதாக அண்ணாத்தை சொன்னார். அரத்தைக் கீழே வைக்காமல், இந்த ஊட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு இழுப்பே வரவில்லை, நீ கொடுத்த டப்பாவைச் சும்மா சந்தேகப்பட்டேன் என்றார்.

அப்போது உள்ளே டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்டது. பல்லி சொல்லுது என்று நினைத்தேன். நல்ல வார்த்தைக்குப் பல்லி சொன்னால் பலிக்கும் என்பார்கள். அவர்களுக்கு அந்த நம்பிக்கை கிடையாது, எனக்கு உண்டு. தரையில் விரலால் சுண்டினேன், சிரித்தேன். டிக் டிக் டிக் டிக். பல்பைப் பார்த்தேன். இருட்டு. அவரும் பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது செத்த மனுஷன் பல்பை நம்பினான், சரி. ரெண்டு காதும் இருந்த நானும் பல்பைத்தான் நம்பினேன்.

சத்தம் நின்றது. எந்தப் பல்லி இத்தனை தரம் சொல்லும், அது பட்டன் சத்தம் என்று அப்புறம்தான் உறைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அந்தம்மா கட்டிலிலிருந்து பாதி தரையில் சரிந்து கிடந்தது. உதடு நீலம். டப்பா இன்னும் கையில்தான். கட்டைவிரல் மட்டும் பட்டன் மேலே துடித்துக்கொண்டிருந்தது, அழுத்துகிற பலம் இல்லாமல்.

எனக்குப் பின்னாடியே வந்த அண்ணாத்தை போட்ட சத்தத்தை எழுதத் தெரியவில்லை. மருந்தை வாயில் வைத்தார். ரெண்டு தரம் தவறிப் போனது. நான் ஆட்டோவுக்கு ஓடினேன். நர்சிங் ஹோமில் ஆக்சிஜன் வைத்து, விளக்கு வைக்கிற நேரத்தில்தான் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னார்கள். அதுவரைக்கும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிவிடுவாரோ என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் டப்பாவைக் கிறிஸ்துராஜிடம் கொண்டுபோனேன். அவன் சாதாரணமாகச் சொன்னான். பட்டனை அழுத்தினால் விடாமல் பிடித்திருக்க வேண்டுமாம். ஒரே சேதி மூன்று தரம் போய்ச் சேர்ந்தால்தான் பல்ப் பக்கத்து டப்பா நம்புமாம். நடுவில் கையை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்குமாம். எடுத்து எடுத்துத் தட்டினால் எரியவே எரியாது. சோறு ரெடி என்று அந்தம்மா அழுத்தினதெல்லாம் நிதானமாக, அதனால் எரிந்தது. நான் இருபது தரம் அழுத்தினேனே, நிதானமாக, மூச்சு முட்டாதவன் அழுத்துகிற மாதிரி. பயந்தவள் எப்படித் தட்டுவாள் என்று பரிசோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் அந்தம்மா வீட்டுக்கு வந்தது. அதற்குள் அண்ணாத்தை பழைய பெல் சுவிட்சையும் ஒயரையும் தேடி எடுத்து வைத்திருந்தார். ஆணியும் சுத்தியும் வாங்கியிருந்தார். நான் அடிக்கிறேன் என்றேன், விடவில்லை. ஸ்டூலில் ஏறி, மூன்று விரலில் சுத்தியைப் பிடித்து, கங்காதரனுடைய சுண்ணாம்புச் சுவரில் முதல் ஆணியை இறக்கினார். காரை உதிர்ந்தது. நாலாவது ஆணிக்கு கங்காதரன் வாசலில் வந்து நின்றார்.

"யோவ் வேதமுத்து, இன்னாய்யா பண்ற? ஒரு ஆணி கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? இன்னிக்கே காலி பண்ணுய்யா."

அண்ணாத்தை முதுகைக் காட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார். கங்காதரன் என்னைப் பார்த்து, அவன்கிட்ட சொல்லுய்யா என்றார். நான் சைகை காட்டவில்லை. கங்காதரன் திட்டி முடிக்கும் வரைக்கும் ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணாத்தை திரும்பிப் பார்க்காமல் அடுத்த ஆணிக்குக் கையை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன்.