படுதாவின் வலது மூலை

பார்த்ததையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். பஸ்ஸில் எனக்கு வாந்தி வந்ததும் இதில் உண்டு. நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையைப் படித்துவிட்டுக் குலசேகரம் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

1952, தை மாதச் சனிக்கிழமை. நாகர்கோவிலில் ஒரு நாடகக் கம்பெனிக்கு விளக்குப் போடுகிற என் மாமா, மேடைக்குப் படம் வரைந்த புதுப் படுதா வாங்கிவரப் புறப்பட்டார். வரைபவர் ஒரு பெண் என்றதும் நானும் கிளம்பிவிட்டேன். படுதா வரைகிற பெண்ணைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

சுசீந்திரத்தில் காலை ஆறரைக்குப் பஸ். நாகர்கோவிலில் மாறினால் குலசேகரத்துக்கு இரண்டு மணி நேரம். ஆளுக்குப் பன்னிரண்டு அணா. வலப்பக்கம் உட்காருங்கள், மலை தெரியும். காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான் ரசவடையும் தின்றிருந்தேன்.

வரைபவர் பெயர் தங்கம் அக்கா. அவர் வீட்டில் அவ்வளவு பெரிய துணியை விரிக்க இடமில்லை. ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகையில்தான் வேலை. துணியைத் தரையில் விரித்து, நீளக் கம்பில் தூரிகையைக் கட்டி, வெறுங்காலோடு படத்தின் மேலேயே நடந்து வரைகிறார். அன்று அரண்மனைத் தெரு முடிந்திருந்தது. வலது மூலையில் ‘தங்கம்மாள், குலசேகரம்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

மாமா முகம் மாறிவிட்டது. “கம்பெனி முதலாளி ஒங்க அப்பா பேரத்தானே போடச் சொன்னாரு, தங்கம்?”

“அப்பாக்கு ஆறு வருசமா கை நடுங்குது அண்ணே. அவருக்க பேரு மட்டும் எந்திச்சு வந்து படம் வரையுமா?”

கம்பெனியின் பழைய படுதாக்கள் நான்கும் அக்கா வரைந்தவை, பெயர் மட்டும் அப்பாவுடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெயரை அழிக்க முடியுமா என்று மாமா கெஞ்சினார்.

“அப்பிடியெங்கி இங்கயே கெடக்கட்டு. ரப்பர் ஷீட்டப் பொதிய ஆகும்.”

மாமா படுதாவைச் சுருட்டினார். அப்பாவை விட்டு அக்கா நாடகத்துக்கு வர முடியாது. என்னிடம் சொன்னார்: “ஏட்டி, நீ எழுதுவியாமே? எனக்க பேரு வெளிச்சத்துல தெரிஞ்சுதா இல்லியாண்ணு உள்ளத எழுதிப் போடு. எனக்குச் சந்தோசம் வரட்டும்ணு எழுதாத.”

படுதா பஸ்ஸின் கூரையில் வந்தது. கம்பெனி முதலாளி விரித்துப் பார்த்து, கருவாட்டு வாடை அடிக்கிறதே என்றார். தெருவை மெச்சினார். பிறகு மூலையைப் பார்த்தார். மேடை விளிம்பில் படுதாவுக்கு வெளிச்சம் தர ஐந்து பல்புகள் உண்டு. வலது கோடி பல்பைக் கழற்றச் சொன்னார். மாமா கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். படுதாவின் மூலையை ஒருநாளும் படித்ததில்லை. நீங்கள் நாடகத்துக்குப் போனால் தரை டிக்கெட்டில், வலது ஓரமாக உட்காருங்கள். வாடை வந்தால் பயப்படவேண்டாம், அது ரப்பர் புகை.

தங்கம் அக்காவுக்கு எழுதியதையே இங்கும் எழுதி முடிக்கிறேன். நாடகத்தன்று முதல் மணி அடித்ததும் மாமா மேடை விளிம்பில் குனிந்தார். எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் ஒருவர் எழுத்துக்கூட்டி, “தங்கம்மாள்... ஏலே, பொம்பளையா வரைஞ்சிருக்கா?” என்றார். “தெருவப் பாருலே, எறங்கி நடக்கலாம் போல இருக்கு” என்றார் பக்கத்திலிருந்தவர். எண்ணிப் பார்த்தேன். ஐந்து பல்புகளும் எரிந்தன. இரண்டாம் மணி அடித்தது. மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள்.