காதரிடம் சொன்ன பொய்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை முதலாளிக்காக நான்தான் மேற்பார்வை செய்து வந்தேன். பழுதுகளைத் தெருவாரியாக முறைவைத்துச் சரிசெய்தேன். அந்த ஒழுங்கில் எனக்குப் பெருமை அதிகம்.

ஒரு மழைநாள் காலையில், அங்கே குடியிருந்த ஆலைத் தொழிலாளி காதரின் மனைவி ஜமீலா வந்தாள். "பின்சுவரு ஊறிப்போய்ட்ச்சுங்க ஐயா, பயமா கீது. இன்னிக்கே ஆள் அனுப்புங்க."

"உங்க தெருவுக்கு அடுத்த வாரந்தாம்மா" என்றேன். எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்தச் சுவர் இடிந்து விழுந்து ஜமீலா இறந்துபோனாள்.

ஆலையிலிருந்து ஓடிவந்த காதர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்ககிட்ட சொல்லச் சொன்னேனே, வந்து சொன்னாளா?"

"இல்லையே" என்றேன்.

"நானே வந்திருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அதன்பின் யார் வந்து சொன்னாலும் உடனே போய்ப் பார்த்தேன். காதரிடம் மட்டும் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. சாகும்வரை அவன் தன்னைத்தான் நொந்துகொண்டான்.