ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு மேட்ச்

திருப்பூர் நல்லூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஃபிரிட்ஜ் கதவில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புதுத் தாள் ஏறுகிறது. சனிக்கிழமை காலை எந்த ரயில், எந்த ஸ்டேஷனில் இறங்கி எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், மதியம் எந்தச் சந்தில் மலிவாகச் சாப்பிடலாம், பேஸ்பால் மேட்ச் எத்தனை மணிக்கு, ஞாயிறு மேட்சுக்கு முன் எந்த பேக்கரி என்று எல்லாம் நீல மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருக்கும். எழுதுகிறவள் என் மகள் இனியா, பதினைந்து வயது. தாளில் இருக்கும் நகரமோ பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறது. அதன் பெயரை எங்கள் வீட்டில் இப்போது யாரும் சொல்வதில்லை, அதனால் நானும் இங்கே எழுதவில்லை. திங்கட்கிழமை காலையில் தாளை அவளே எடுத்துக் கிழித்துப் போட்டுவிடுகிறாள். தயிருக்கு உறை மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "டைம்டேபிளுங்களா? இப்பிடி ஒழுங்காப் படிக்கற புள்ளைய எங்கீங்க பாக்கறது!" என்றார். "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

என் சொந்த ஊர் மடத்துக்குளம். அமெரிக்கா போவதற்கு முன் இதே நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் பல வருடம் நின்றிருக்கிறேன். அந்த டேபிளில் பேஸ்பால் டீம்களின் பெயர் போட்ட டி-ஷர்ட்டுகள் வந்து குவியும். அந்த விளையாட்டில் பந்து எவ்வளவு பெரிது என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் யாரும் டி-ஷர்ட்டின் நெஞ்சைப் படிப்பதில்லை. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது எது கிடைத்தாலும் உள்பக்கமாகத் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, நன்றாக இருந்தால் போட்டுக்கொண்டு போவோம். டெம்போ ஓட்டுகிறவர் ஏதோ ஒரு நாட்டுத் தீயணைப்புப் படையின் பனியனோடு போவார். கோயிலில் பொங்கல் வைக்கும் ஆள் யாரோ ஒரு காலேஜின் பெயரைச் சுமந்திருப்பார். இதை நாங்கள் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

பிறகு, துணி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் தர சோதனை வேலைக்காக அங்கே போனேன். பத்து வருடம் இருந்தோம். இனியா போகும்போது நாலு வயது. நான் அந்த ஊரை ஒரு வேலையாகப் பார்த்தேன். அவள் ஊராகவே பார்த்தாள். இங்கே சனிக்கிழமை மாலை என்றால் சம்பளம் வாங்கிய கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், மார்க்கெட்டில் கால் வைக்க முடியாது. அங்கே சனிக்கிழமை என்றால் தெரு முழுக்கப் புல் வெட்டும் மெஷின் சத்தம், மனிதர் முகம் ஒன்றுகூடத் தென்படாது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் அந்த அமைதியில் அவள் ரேடியோவில் மேட்ச் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் கட்டம் கட்டமாக ஸ்கோர் எழுதுவாள். அதற்கென்று சின்னச் சின்னக் குறிகள் உண்டு. பார்ப்பதற்கு எங்கள் செக்கிங் சீட்டு மாதிரியே இருக்கும். அது ஒன்றுதான் அந்த விளையாட்டில் எனக்குப் புரிந்தது.

போன வருடம் மார்ச் மாதக் கடைசியில் எனக்கு வேலை போனது. எங்கள் மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு அறுபது நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அறுபது நாளும் நான் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பி, பொது நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பிவிட்டு, சாயங்காலம் வேலையிலிருந்து வருகிறவனைப் போல வீட்டுக்கு வந்தேன். மனைவி மல்லிகாவுக்குத் தெரியும். மகளுக்குச் சொல்லவில்லை. ஏதாவது கிடைத்துவிடும், பிறகு எதற்குக் குழந்தையைப் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கடைசி வாரத்துக்கு முந்திய வாரம் டிக்கெட் போட்டோம். அடுத்த வியாழக்கிழமை விமானம். மல்லிகாதான் வழி சொன்னாள். "ஏனுங்க, அவ ரெண்டு வருசமாக் கேட்டுட்டே இருக்கறா, ரயிலேறிப் பெரிய ஊருக்கு அந்த மேட்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல நான் ஊட்டச் சுத்தமா ஒழிச்சுப் போடறேன். கட்டிலு சோபாவையெல்லாம் கேட்ட ஆளுக வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. நீங்க அங்கயே அவகிட்டச் சொல்லிப் போடுங்க. வந்து வெறும் ஊட்டப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா புள்ள தாங்காதுங்க."

இனியாவிடம் போகலாம் என்றதும் அவள் குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது. டைனிங் டேபிளில் தாளை விரித்தாள். அந்த டேபிளையும் ஒருவர் வாங்க ஒப்புக்கொண்டிருந்தார். சட்டம் எல்லாம் அவள் போட்டதுதான். இந்தியச் சாப்பாடு கூடாது. நாற்காலி போட்ட கடை கூடாது. உள்ளூர்க்காரர்கள் எந்த வண்டிக் கடையில் வரிசையில் நிற்கிறார்களோ அங்கே நாமும் நிற்க வேண்டும். ஸ்டேடியத்துக்குள் எல்லாம் யானை விலை, ஆனால் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் வெளிச் சாப்பாட்டை எடுத்துப் போக விடுவார்கள். சீட்டு உச்சி அடுக்கில் போதும். "மேல இருந்து பாத்தாத்தான்ப்பா எல்லாரும் எங்க நிக்கறாங்கன்னு தெரியும்" என்றாள். அந்தத் தாளின் கீழே, கட்டத்துக்கு வெளியே, அடுத்த வருடம் மூன்று நகரம் என்று எழுதி அடிக்கோடிட்டாள். "சரியாப்பா?" என்றாள். நான் "சரி கண்ணு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என் நாக்கை அறுத்துப் போடலாம்.

சனிக்கிழமை ரயிலில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவள் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு ஸ்டேஷன் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சரி, சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம். சைனாடவுனில் ஒரு நிலவறைக் கடையில் டம்ப்ளிங் வாங்கினோம். கொழுக்கட்டைக்குள் கறியை வைத்து வேகவைத்த மாதிரி இருக்கும். தெருவோரத்தில் நின்று, காகிதத் தட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் நாக்கைச் சுட்டுக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே எப்படிச் சொல்வது? சரி, மேட்ச் முடியட்டும். மேட்ச் முடிந்ததும் அவள் காலை இழுத்து இழுத்து நடந்தாள், பாவம், லாட்ஜுக்குப் போய்த் தூங்கட்டும். இப்படியே ஞாயிறு வந்துவிட்டது. அன்றைய மேட்ச் தொடங்கியதும் எப்போது முடியும் என்று அவளிடம் கேட்டேன். என் கேள்விக்கு உள்ளர்த்தம் இருந்தது அவளுக்குத் தெரியாது. "மேட்சுக்கு டைமே கிடையாதுப்பா. ஃபுட்பால் மாதிரி இல்ல. கடைசி ஆள் அவுட் ஆகற வரைக்கும் யாரும் நம்மள வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்றாள்.

பாதி மேட்சில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வறுத்த வேர்க்கடலையும் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனாள். வெயில் ஏறியிருந்தது. காலைக் குளிருக்காகப் போட்ட ஜாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளே பழைய நல்லூர் டி-ஷர்ட். வருடக்கணக்காகத் துவைத்துத் துவைத்துப் பூவாட்டம் ஆகிவிட்ட துணி, பயணத்துக்குச் சுகமாக இருக்கும் என்று போட்டு வந்திருந்தேன். பக்கத்து சீட்டில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் என் நெஞ்சையே பார்த்தார். "இந்தச் சட்டையோடு இங்கே வந்து உட்கார உனக்கு நிறையத் தைரியம்" என்றார். சட்டையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன், நல்ல துணி என்றும் சொன்னேன். அவர் மைதானத்தைக் காட்டினார். உள்ளூர் டீமோடு அங்கே மோதிக்கொண்டிருந்த எதிரி டீமின் பெயர் என் நெஞ்சில் கொட்டை எழுத்தில் இருந்தது. சுற்றிலும் உள்ளூர் ஆட்கள். பத்து வருடம் அந்தப் பனியனைப் போட்டவன் ஒரு நாளாவது அதைப் படித்திருக்க வேண்டாமா?

பதறிப்போய் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். நான் அந்த டீம் ஆள் இல்லை, இதைத் தைத்த ஊர்க்காரன். கீழ் மடிப்பைத் திருப்பித் தையலைக் காட்டினேன். பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. எந்த ஊர், எத்தனை வருடம், பிடித்திருக்கிறதா என்று அன்பாகக் கேட்டார். திருப்பூரில் உடுமலை பஸ் ஏறினால், பல்லடம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிவிடுகிற ஆட்கள் நாங்கள். இறங்கிப் போகிற மனிதர், யாரிடம் போய்ச் சொல்லப் போகிறார் என்ற தைரியம். அந்தப் புத்தி அங்கேயும் வந்துவிட்டது. அறுபது நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் என் அரைகுறை இங்கிலீஷில் கொட்டியது. வேலை போய்விட்டது, வியாழக்கிழமை கிளம்புகிறோம், இனித் திரும்பி வரப் போவதில்லை, மனைவி இந்த நேரம் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறாள், மகளுக்கு மட்டும் இன்னும் தெரியாது. பெரியவரின் பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். இனியா படியில் நின்றுகொண்டிருந்தாள், கையில் கடலைப் பையோடு.

அவள் அழவில்லை. வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்து, தவறவிட்ட பந்துகளை முன் சீட்டுக்காரரிடம் கேட்டுக் கட்டத்தில் நிரப்பினாள். பெரியவர் எழுந்து எங்கேயோ போய்விட்டார். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் ஸ்கோர் சமமாக இருந்ததால் ஆட்டம் நீண்டது. பத்தாவது ஓடியது. உள்ளூர்க் கூட்டம் தன் டீம் ஜெயிக்க வேண்டுமென்று கத்தியது. இவள் யாருக்கும் கைதட்டவில்லை. யாரும் ஜெயிக்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோராவதில் உள்ளூர் டீம் ஆள் ஒருவன் அடித்த பந்து எங்கேயோ போய் விழுந்து எல்லாம் முடிந்தது. ஊரே துள்ளியது. அவள் கடைசிக் கட்டத்தை நிரப்பிப் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவர்கிட்டச் சொன்னே. எங்கிட்டச் சொல்லல. அவர் பேருகூட உனக்குத் தெரியாதுப்பா."

ரயிலில் நான் பேசியதெல்லாம் ஜன்னல் கண்ணாடியோடுதான். வீட்டுக்கு வந்தபோது அவள் அறையில் கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. மல்லிகா என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "சொன்னீங்களா?" என்று கேட்டாள். "தெரிஞ்சிருச்சு" என்றேன். சொன்னதற்கும் தெரிந்ததற்கும் உள்ள தூரத்தில்தான் அன்றிலிருந்து நான் குடியிருக்கிறேன்.

திரும்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பழைய செக்கிங் வேலையே வேறு ஒரு கம்பெனியில் கிடைத்தது. எதிரில் ஒரியாவும் இந்தியும் பேசும் பெண்கள் நிற்கிறார்கள். அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள், எப்போது திரும்புவோம் என்று தெரியாதவர்கள். இனியா பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள். இங்கத்துப் பேச்சும் சீக்கிரம் வந்துவிட்டது. அங்கே என்னை நீ, வா, போ என்று பேசியவள் இப்போது "சாப்டேனுங்க", "சரீங்கப்பா" என்கிறாள். சொந்தக்காரர்களுக்கு ஒரே பெருமை, அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன மரியாதை பாருங்கள் என்று. முன்பின் தெரியாத மனிதரிடம் காட்டும் மரியாதையை அவள் எனக்குத் தருகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். வாய்விட்டுத் திட்டினால் தாங்கிக்கொள்வேன்.

ஏப்ரலில் சீசன் தொடங்கியதும் ஃபிரிட்ஜில் முதல் தாள் ஏறியது. ஆசை ஆசையாகப் போய்ப் படித்தேன். அதே ரயில், அதே நிலவறைக் கடை, அதே உச்சி அடுக்கு. டிக்கெட் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டிருந்தாள். அதற்குப் பிறகு வந்த தாள்களிலும் ஒன்றுதான்.

போன வாரம் எங்கள் டேபிளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. பெட்டியைப் பிரித்தவுடன், வாழ்க்கையில் முதல் தடவையாக, டி-ஷர்ட்டின் நெஞ்சைப் படித்தேன். அந்த நகரத்தின் பெயரோடு அவளுடைய டீம். ஆர்டர் போனபின் மிஞ்சியதில் அவள் அளவுக்கு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். முதலாளி, "உங்க பாப்பாவுக்குங்களா? எடுத்துக்கங்க" என்றார். வீட்டில் கொடுத்தபோது அவள் வாங்கி, சட்டென்று உள்பக்கம் திருப்பி, தோள் தையலை இழுத்துப் பார்த்து, துணியை இரண்டு விரலில் தேய்த்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

நேற்று ஞாயிறு விடியற்காலை. அங்கே அப்போது சனிக்கிழமை சாயங்காலம். பக்கத்துச் சந்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அறைக் கதவு திறந்திருந்தது. ஃபோனில் மேட்ச் வர்ணனை ஓட, தரையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த டி-ஷர்ட்டைத்தான் போட்டிருந்தாள், ஆனால் உள்வெளியாக. கழுத்தில் இந்தியாவில் தயாரித்தது என்ற லேபிள் வெளியே தொங்கியது.

"ஏன் கண்ணு, திருப்பிப் போட்டிருக்கே?" என்றேன்.

"இப்பிடியே இருக்கட்டுங்க" என்றாள், நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

வாசல்படியிலேயே நின்றேன். அந்த நகரத்தின் பெயர் அவள் நெஞ்சோடு ஒட்டி உள்ளே கிடந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊர்த் தையல்.